முழங்கையில் ஒரு விரல்

ஆயாவுக்குக் காது மந்தம் என்று வேன் டிரைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். சுத்தப் பொய். டிரைவர் பேசுவது மட்டும்தான் அவளுக்குக் கேட்காது. மற்றபடி, வகுப்பின் கடைசி மூலையில் ஒரு பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்தால் போதும், வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருக்கிற அவள் காதில் அது விழுந்துவிடும். துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று பிடிபட, படித்துவிட்டு வருகிற டீச்சர்களுக்கே ஒரு வருஷம் ஆகும். இன்னும் அரை நிமிஷத்தில் தூக்கிக்கொண்டு போய்க் கழிவறையில் உட்கார வைக்காவிட்டால் பாய், துணி, பக்கத்துப் பிள்ளை எல்லாம் நனையும் என்று அர்த்தம்.

நடக்க முடியாத பிள்ளைகளும், நடந்தாலும் எங்கே போகிறோம் என்று தெரியாத பிள்ளைகளும், பேச்சே வராதவர்களும், பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர்களும் படிக்கிற சிறப்புப் பள்ளி அது. நாத்தனார் காலை உடைத்துக்கொண்டு படுத்தபோது அவளுக்குப் பதிலாகப் பத்து நாள் வேலை பார்க்க வந்தவள்தான் ஆயா. அந்தப் பத்து நாள் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. நாத்தனாருக்குக் கால் கூடி, அவள் பேரன் பேத்தி எடுத்தும் ஆயிற்று. முதல் நாள் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, "செத்தாலும் இனி அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்று புருஷனிடம் சத்தியம் செய்தாள். மறுநாள் ஏழு மணிக்கு வேனில் உட்கார்ந்திருந்தாள். ஏன் போனாய் என்று இன்றைக்குக் கேட்டாலும் "வேற யாரு போவா?" என்பாள். அதற்கு மேல் ஒரு விளக்கமும் யாருக்கும் கிடைத்ததில்லை.

தூக்கித் தூக்கி இடுப்பு போயிற்று. பெல்ட் போட்டுக்கொண்டு வந்தாள். முழங்கால் இரண்டும் போயின; படி ஏறும்போது மட்டும் திட்டிக்கொண்டே ஏறினாள். இடது கையில் நாலு பல் பதிந்த தழும்பு ஒன்று உண்டு. யார் கடித்தது என்று கேட்டால் அந்தப் பிள்ளையின் பெருமையைத்தான் பேசுவாள், கடியைப் பற்றிப் பேசமாட்டாள்.

அவளிடம் வந்த பிள்ளைகளில் ஒருத்தி மிளகு. பதிமூன்று முடியப்போகிறது, பார்த்தால் எட்டு வயது என்பார்கள். குட்டி உடம்பு, கருகருவென்று இரண்டு கண், மூக்குக்கு மேல் கோபம். மிளகு என்று பெயர் வைத்ததே ஆயாதான். கால் இரண்டும் விறைத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். வலது கை மட்டும், அது நினைத்தால், கொஞ்சம் வேலை செய்யும். பேச்சு கிடையாது. பிடித்தால் ஒரு "ம்", பிடிக்காவிட்டால் தட்டு பறக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தபோது, ஆயா அவள் காலுறையைக் கழற்றினாள். கணுக்காலைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி கறுப்பாக ஒரு தழும்பு.

"என்னம்மா இது?"

"கட்டில் காலோட கட்டிப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன் அக்கா" என்றாள் அம்மா, கண்ணைத் தாழ்த்தாமல். "கட்டலைன்னா உருண்டு உருண்டு அடுப்புக்கிட்ட போயிடுறா."

ஆயாவுக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அந்தப் பெண்ணை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். பிள்ளைகள் சுற்றி இருந்ததால் விட்டாள். சாயங்காலம் வேனில் மிளகை இறக்கிவிடப் போனபோது அந்த வீட்டைப் பார்த்தாள். ஒற்றை அறை. ஒரு சுவரோரம் கட்டில், எதிர்ச் சுவரோரம் அடுப்பு, நடுவில் நாலு எட்டு. புருஷன்காரன், பிள்ளைக்குக் கழுத்து நிற்காது என்று டாக்டர் சொன்ன வாரமே கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனவன். அம்மா, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் காலை ஏழிலிருந்து நாலுவரை இஸ்திரி போடுகிறவள். முன்கை முழுக்கச் சுட்ட தடங்கள். இவளை என்னவென்று திட்டுவது? ஆயா வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். அதன் பிறகு தினமும் காலுறையைக் கழற்றும்போது அந்த வளையத்தைப் பார்ப்பாள். கறுப்பு மங்கிப் பழுப்பாகி, மூன்றாம் வருஷம் தேடிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாத சந்தோஷம் அது ஒன்றுதான் அவளுக்கு.

அப்புறம்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது.

மிளகு இருக்கிற பராமரிப்பு வகுப்பை மூடப்போகிறார்கள். பதினாலு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளில், தானாகச் சாப்பிடத் தெரிந்தவர்கள் மேல் வகுப்புக்குப் போகலாம். மற்றவர்களுக்கு 'வீட்டுவழிக் கல்வி'. அதாவது, மாதத்துக்கு இரண்டு தடவை ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். மீதி நேரத்துக்குக் கட்டில் கால் இருக்கிறதே! சுற்றறிக்கை எழுதியவர்களுக்கு அது தெரியாது. ஆயாவுக்குத் தெரியும்.

"தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கு ஆயாம்மா" என்றாள் டீச்சர். இருபத்தாறு வயதுப் பெண், வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக அழுவாள். "மத்தவங்களை நான் பார்த்துக்கறேன். மிளகை நீங்க எடுத்துக்கங்க. உங்க கையிலதான் அவ வாயைத் தொறப்பா."

டீச்சர் ஒரு அட்டை கொடுத்தாள். ஒவ்வொரு நாள் சாப்பாட்டுக்கும் நாலு கட்டம். முழு உதவி, பாதி உதவி, தொட்டால் போதும், தானாக. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். நாலாவது கட்டத்தில் தொடர்ந்து பத்து நாள் டிக் இருந்தால்தான் அந்தப் பிள்ளையைத் தேர்வுக்கே கூப்பிடுவார்கள்.

ஆயா வேலையைத் தொடங்கினாள். கரண்டிக் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டித் தடிமனாக்கினாள். விளிம்பு உயர்ந்த தட்டு எடுத்தாள். அது நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி போட்டாள். மிளகின் நெஞ்சுக்கு ஒரு பெல்ட், இடுப்புக்கு ஒரு பெல்ட், காலுக்கு நடுவில் ஒரு தலையணை. முதல் வாரம் மிளகின் கையைத் தன் கைக்குள் பொத்தி, அள்ளி, வாய்வரை கொண்டு போனாள். பாதிச் சோறு ஆயா தலையில் விழுந்தது. இரண்டாம் வாரம் மணிக்கட்டை மட்டும் பிடித்தாள். மூன்றாம் வாரம் முன்கைக்கு வந்தாள். நாலாம் வாரம் முழங்கைக்கு அடியில் ஒரே ஒரு விரல். அந்த விரலை வைத்ததும் தோள் அடங்கும், கை நிற்கும், கரண்டி ஆடி அசைந்து வாய்க்குப் போகும். வழியில் சிந்துவது சிந்தட்டும், வாய்க்குப் போனது போனதுதான்.

முதல் தட்டு காலியான அன்று டீச்சர் வகுப்பு நடுவில் நின்று குதித்தாள். "தானாச் சாப்பிடுறா! ஆயாம்மா, தானாச் சாப்பிடுறா!" என்று ஆயாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளே பென்சிலை எடுத்து ஆயா கையில் கொடுத்து, நாலாவது கட்டத்தில் டிக் போடச் சொன்னாள். ஆயாவும் போட்டாள். ஒரு விரல்தானே, அதெல்லாம் ஒரு உதவியா என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

உண்மை தெரிந்தது வீட்டில், அவளுடைய புருஷன் மூலமாக. மனுஷன் கடிகாரம் பழுது பார்க்கிறவர். நாளெல்லாம் பொடிச் சக்கரங்களோடு பேசாமல் இருந்துவிட்டு, அதற்கும் சேர்த்து வீட்டில் பேசுகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார்.

"ஏன்டி, என் முழங்கையை என்ன பண்ற?"

ஆயா குனிந்து பார்த்தாள். அவளுடைய சுட்டுவிரல் அவருடைய முழங்கைக்கு அடியில் இருந்தது.

"நாலு நாளா இப்படித்தான் பண்ற. எனக்குத் தானாச் சாப்பிடத் தெரியும் தாயே. பள்ளிக்கூடத்துல போய் எனக்கும் ஒரு டிக் போட்டுடு" என்று சிரித்தார்.

ஆயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வைப்பது தனக்கே தெரியாமல் வைக்கிற அளவுக்குப் பழகிப்போன விரலை எப்படி எடுப்பது? மறுநாள் எடுத்துப் பார்த்தாள். மிளகு கரண்டியில் அள்ளினாள், பாதி தூக்கினாள், அப்படியே நிறுத்தினாள். முழங்கையை மட்டும் பக்கவாட்டில், ஆயா பக்கம், நீட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கை நடுங்க ஆரம்பித்து, சோறு சிந்தி, கண்ணில் தண்ணீர் வந்து, "ம்" என்றாள். ஆயா விரலை வைத்தாள். கரண்டி வாய்க்குப் போயிற்று.

அன்றைக்கு அவள் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது கட்டம் அங்கேயே இருந்தது: தொட்டால் போதும். அதில் போட்டால் பத்து நாள் கணக்கு அறுந்துவிடும். தேர்வுக்கு எட்டு நாள்தான் பாக்கி, மறுபடி பத்து நாள் சேர்க்க முடியாது. டீச்சரிடம் சொன்னால் டீச்சர் அழுவாள், அழுது என்ன ஆகப்போகிறது? எட்டு நாளில் விரலை எடுத்துவிடலாம், எடுத்தே தீருவேன் என்று சொல்லிக்கொண்டு நாலாவது கட்டத்தில் டிக் போட்டாள். மறுநாளும் போட்டாள். தினமும் விரலை எடுத்துப் பார்த்தாள், தினமும் மிளகு முழங்கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள், தினமும் ஆயா தோற்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

தேர்வுக்கு வந்த அலுவலர் நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். உரக்கப் பேசவில்லை, பிள்ளைகளை வெறித்துப் பார்க்கவில்லை, மிளகிடம் குனிந்து "சாப்பிடலாமா பாப்பா?" என்று கேட்டார். கூடத்தின் நடுவில் அவள் நாற்காலியைப் போடச் சொன்னார். பழகிய ஆட்கள் எல்லோரும் அவளை விட்டு ஐந்தடி தள்ளி, சுவரோரம் நிற்க வேண்டும். அதுதான் முறை. ஆயா முதுகைச் சுவரில் ஒட்டி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மிளகு கரண்டியைப் பிடித்தாள். அழகாக அள்ளினாள். பாதி தூக்கினாள். நிறுத்தினாள். தலையைத் திருப்பி ஆயாவைத் தேடிப் பிடித்தாள். பிடித்ததும் முழங்கையை அவள் பக்கம் நீட்டினாள்.

பத்து நிமிஷம் அப்படியே இருந்தாள். அந்த முழங்கை காற்றில் நடுங்கியது. சோறு கரண்டியிலிருந்து பருக்கை பருக்கையாக மடியில் விழுந்தது. பசி வேறு, காலையிலிருந்து வேண்டுமென்றே ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் தட்டை எறியவில்லை, கத்தவில்லை. இத்தனை கோபக்காரி, அன்றைக்கென்று சொன்னபடி கேட்கிற பிள்ளையாக, விரல் வரும் வரும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். அந்த நீட்டிய முழங்கைக்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அலுவலர் அட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். 'பயிற்சியில் இருந்த திறன் நிலைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு ஆயா டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சர் இந்தத் தடவை அழவில்லை. அதுதான் ஆயாவுக்குப் பயமாக இருந்தது.

"முழங்கைக்கு ஒரு தாங்கல் வேணும், அவ்வளவுதானே ஆயாம்மா?"

"ஒரு விரல்தான் டீச்சர். ஒரே ஒரு விரல்."

"விரல் எதுக்கு? நாற்காலிக்குப் பக்கத்துல ஒரு பலகை அடிச்சிருக்கலாமே. ஆள் தொடக்கூடாது, பலகை தொடலாம். சாமான் எதுவா இருந்தாலும் அது 'தானாக'தான். நீங்க மூணாவது கட்டத்துல ஒரே ஒரு டிக் போட்டிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன். அன்னிக்கே பலகை அடிச்சிருப்பேன்."

ஆயா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலித்ததுகூட அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பலகை வைத்து மிளகுக்கு இன்னொரு தடவை தேர்வு நடத்தச் சொல்லி, இரண்டு பேரும் தலைமையாசிரியையிடம் போனார்கள். அவர் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "அட்டை பொய்னு நான் எழுதிக் குடுத்தா, எல்லா அட்டையையும் திரும்பப் பார்ப்பாங்க. தேறின பதினோரு பிள்ளைங்களையும் திரும்ப உட்கார வைப்பாங்க. அன்னிக்குச் சாப்பிட்ட பிள்ளை இன்னொரு நாள் சாப்பிடும்னு உங்களால சொல்ல முடியுமா? ஒரு பிள்ளைக்காகப் பதினோரு பேரைத் தெருவுல விடச் சொல்றீங்களா ஆயாம்மா?" என்றார். அடுத்த தேர்வுக்கு மிளகுக்குப் பதினாலு தாண்டிவிடும் என்பதை மூன்று பேரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்; யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தன்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள் என்று ஆயா கேட்டாள். அதற்கும் அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

வேனில் மிளகின் இடம் காலியாக இருந்தது. டிரைவர் முதல் நாள் பழக்கத்தில் அந்தத் தெருவில் வண்டியைத் திருப்பிவிட்டார். பிறகு பின்னோக்கி எடுத்தார். அன்றைக்குக் காது மந்தம் என்று யாரையும் கேலி செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் ஆயாவுக்கு அந்த வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. பள்ளி அரைநாளோடு முடிந்த ஒரு நாள், மூன்றரை மணிக்குப் போனாள். அம்மா வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கதவில் பூட்டு. நிழலில் நின்று காத்திருக்கலாம் என்று சுவரில் சாய்ந்தவள் காதில் அது விழுந்தது.

உள்ளே மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம்.

"மிளகு!" என்று பூட்டைப் பிடித்து இழுத்தாள். "இரு கண்ணு, இரு, ஆயா வந்துட்டேன்!" கதவைக் கையால் அறைந்தாள், தோளால் முட்டினாள். பக்கத்து வீட்டில் கேட்டாள். சாவி இல்லை என்றார்கள். அரை நிமிஷம்தான். அதற்குள் என்ன செய்ய முடியும்? இழுத்துப் பிடித்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது. அதன் பிறகு உள்ளே சத்தமே இல்லை. ஆயா பூட்டைப் பிடித்தபடி அழுதாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அம்மா வந்து திறந்தாள். "அய்யோ அக்கா, வெளியிலேயா நிக்கறீங்க? சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று பதறினாள்.

மிளகு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு மெத்தைத் துண்டில், நெஞ்சைச் சுற்றித் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டி உட்காரவைக்கப்பட்டிருந்தாள். கணுக்காலிலிருந்து இன்னொரு துணி கட்டில் காலுக்குப் போயிற்று. மெத்தை நனைந்திருந்தது. முன்னால் ஒரு முக்காலியில், ஈரத்துணியின் மேல், விளிம்பு உயர்ந்த தட்டு. கையில் ரப்பர் மாட்டிய கரண்டி. கடைசி நாளன்று ஆயாதான் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஆயா குனிந்து கணுக்கால் துணியைத் தளர்த்தினாள். வளையம் திரும்ப வந்திருந்தது, பழைய கறுப்பைவிடக் கறுப்பாக.

"ஒரு விஷயம் பாருங்க அக்கா" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஆயா இதுவரை பார்க்காத ஒரு நிம்மதி. தட்டில் கொஞ்சம் சோறு போட்டு வைத்தாள்.

மிளகு அள்ளினாள். பாதி தூக்கினாள். முழங்கையைப் பக்கவாட்டில் நீட்டிச் சுவரில் ஊன்றினாள். தோள் அடங்கியது, கை நின்றது, கரண்டி வாய்க்குப் போயிற்று. சுவரில் அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து, முழங்கை அகலத்துக்கு அழுக்காக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

"பார்த்தீங்களா? தானாவே கண்டுபிடிச்சா அக்கா! முன்னாடியெல்லாம் மதியத்துக்கு யார் காலையாவது பிடிக்கணும், வந்து ஒரு வாய் ஊட்டிட்டுப் போங்கன்னு. இப்ப யாரும் வேண்டாம். காலையில தட்டை வெச்சு, கட்டிட்டு, பூட்டிட்டுப் போயிடுறேன். நாலு மணிவரைக்கும் கவலையே இல்லை. ரெட்டை ஷிப்ட் கேட்டிருக்காங்க, அதுக்கும் சரின்னு சொல்லலாம்னு இருக்கேன்." ஆயாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் அக்கா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

ஆயா மிளகைத் தூக்கிக் கழுவித் துடைத்து, உலர்ந்த துணி மாற்றி, மெத்தையைத் திருப்பிப் போட்டு உட்கார வைத்தாள். கை அதுவாகச் செய்தது. மீதிச் சோற்றை முன்னால் வைத்தாள்.

அப்போதுதான் மிளகு அவளை நன்றாகப் பார்த்தாள். "ம்" என்றாள். கரண்டியில் அள்ளி, பாதி தூக்கி, சுவரில் ஊன்றப் போன முழங்கையை எடுத்து ஆயா பக்கம் நீட்டினாள். நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"கொழுப்பைப் பாருங்க, உங்களைப் பார்த்ததும்!" என்று அம்மா அடுப்புப் பக்கமிருந்து சிரித்தாள்.

ஆயாவின் சுட்டுவிரல் பாதிவரை போயிற்று. இன்றைக்கு வைத்தால் நாளைக்கும் இவள் காத்திருப்பாள். நாளைக்குக் கதவு பூட்டியிருக்கும், தட்டு முன்னால் இருக்கும், விரல் வராது. ஆயா அந்த முழங்கையை இரண்டு கையாலும் மெதுவாகப் பிடித்து, திருப்பி, சுவரில் தேய்ந்திருந்த அந்த வட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். அது அங்கே நிற்கிறவரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கையை எடுத்தாள்.